பகைவரைப் பேச வைத்தவர்

குண்டு வீச ஒரு நொடி போதும். கோட்டையைத் தகர்க்க ஒரு நாள் போதும். ஆனால், குண்டு வீசியவனையும் குண்டடி பட்டவனையும் ஒரே மேசையருகே அமர வைத்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் செய்து, ஒரே தாளில் இருவரும் கையெழுத்திடச் செய்வதற்கு 42 நாட்கள் தேவைப்பட்டன. 1949ஆம் ஆண்டு, ரோட்ஸ் என்னும் கிரேக்கத் தீவிலே, அந்த 42 நாட்களும் ஊண் மறந்து உறக்கம் துறந்து உழைத்தவர் ஒரு கறுப்பர். அடிமையாகப் பிறந்த ஒரு மூதாட்டியின் பேரன். முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் மகன். ரால்ப் பன்ச் என்பது அவர் பெயர்.

படை நடத்தியவர்களின் பெயர் பலருக்கும் தெரியும். எந்த மன்னன் எத்தனை நகரங்களைத் தீக்கிரையாக்கினான், எத்தனை ஆயிரம் தலைகளை உருட்டினான் என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்புவிக்கிறார்கள். மூட்டிய தீயை அணைத்தவன் பெயரை யார் கேட்கிறார்கள்? அழித்தவனுக்குச் சிலை, அணைத்தவனுக்கு மறதி! அந்த மறதியைப் போக்கிக்கொள்ள ரால்ப் பன்ச்சின் வாழ்க்கையைச் சற்றே புரட்டிப் பார்ப்போம், தோழர்களே! உழைத்துப் பிழைக்கும் நமக்கு அதிலே எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டு பிறந்து மூன்று நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலே, ஏழைக் கறுப்பர் குடும்பத்திலே பிறந்தார் ரால்ப். தந்தைக்கு முடிதிருத்தும் தொழில். வாடிக்கையாளர்கள் வெள்ளையர்கள். வெள்ளையரின் தலையைத் தொட்டுச் சிகை திருத்தலாம்; வெள்ளையரின் மேசையில் உடன் அமர்ந்து உண்ணக் கூடாது. இது அந்த நாட்டின் நிறத் தீண்டாமை வகுத்த நீதி! தாய் இசையில் நாட்டம் கொண்டவர். பெற்றோர் உடல் நலம் குன்றவே, வறண்ட காற்று நல்லது என்று நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஆல்புகர்க்கி நகருக்குக் குடும்பம் போயிற்று. அங்கே தாயைப் பறிகொடுத்தார் சிறுவர் ரால்ப். தந்தையின் நிழலும் நிலைக்கவில்லை. அனாதை என்று ஊரார் சொல்லும் நிலை.

அந்த நேரத்திலே கை கொடுத்தவர் பாட்டி. தாயைப் பெற்ற தாய். அடிமையாகப் பிறந்தவர் என்றேனே, அந்த மூதாட்டி! உடல் சிறியது, உள்ளமோ உருக்கு. பேரப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடி பெயர்ந்தார். எவர் முன்னும் தலை குனியாதே, எவரையும் தலை குனிய வைக்காதே என்பதுதான் அந்த அம்மை பேரனுக்குத் தந்த சீதனம். பிற்காலத்திலே பேரரசுகளின் தூதுவர்களை எல்லாம் நேருக்கு நேர் நோக்கிய அந்தக் கண்களுக்கு, நேராக நோக்கும் துணிவை ஊட்டியவர் எழுத்தறிவு மிக்க பேராசிரியர் எவரும் அல்லர். அடிமைத்தளையின் கொடுமையை அறிந்திருந்த அந்தப் பாட்டிதான்.

படிப்பதற்குப் பணம் வேண்டுமே! பத்திரிகை விற்றார் சிறுவர். திரைப்பட நடிகர் ஒருவர் வீட்டிலே ஏவல் வேலை செய்தார். தரை விரிப்புகள் பொருத்தும் நிறுவனத்திலே உழைத்தார். உடல் வேர்க்க உழைத்த கை, இரவிலே ஏட்டைப் புரட்டிற்று. வரலாற்றிலும் ஆங்கிலத்திலும் பரிசுகள் பெற்றார். பள்ளி இறுதியிலே முதல் மாணவர் அவரே. ஆயினும், சிறந்த மாணவர்களுக்கென இருந்த கௌரவச் சங்கத்திலே அவரைச் சேர்க்கவில்லை. மதிப்பெண் போதாதா? போதும். ஒழுக்கம் குறைவா? குறைவில்லை. பிறகு ஏன்? தோலின் நிறம் ஒத்துவரவில்லை!

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் கல்லூரியிலே விளையாட்டு வீரர் என்ற வகையில் உதவித்தொகை கிடைத்தது. கூடைப்பந்தாட்டத்திலே பேர் பெற்றார். செலவுக்குப் போதாத மிச்சத்தை ஈடுகட்டத் துப்புரவு வேலை செய்தார். 1927இல் மிக உயர்ந்த சிறப்புடன், முதல் மாணவராகப் பட்டம் பெற்று வெளியேறினார். ஹார்வார்ட் பல்கலைக்கழகம் மேற்படிப்புக்கு உதவித்தொகை தர முன்வந்தது. போய்ச் சேரவும் அங்கே வாழவும் பணம் ஏது? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கறுப்பர் சமுதாயம் கை கோத்தது. கூலிக்காரரும் வேலைக்காரியும் சிறுகடைக்காரரும் சேர்த்துக் கொடுத்த தொகை 1000 டாலர். செல்வச் சீமான் ஒருவர் எழுதித் தந்த காசோலையன்று அது. வியர்வைத் துளிகளின் திரட்டு! நம்மில் ஒருவன் படிக்கட்டும், நமக்காகப் பேசட்டும் என்ற ஆசையின் திரட்டு!

அந்த ஆசை வீண் போகவில்லை. 1928 முதல், தலைநகர் வாஷிங்டனிலே கறுப்பர்களுக்கென நடைபெற்ற ஹோவார்ட் பல்கலைக்கழகத்தில் அரசியல் துறையைத் தோற்றுவித்து நடத்தினார். 1934இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகம் அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிலே அரசியல் அறிவியலில் அந்தப் பட்டம் பெற்ற முதல் கறுப்பர் அவரே. ஆய்வுப் பொருள் என்ன? பிரஞ்சு ஆட்சியின் பிடியிலே மேற்கு ஆப்பிரிக்காவின் டோகோவும் தஹோமேயும் எப்படி ஆளப்பட்டன என்பது. நூலகத்திலே குந்தியபடி எழுதியதன்று. ஆப்பிரிக்க மண்ணுக்கே சென்று, ஆளப்படுவோரைப் பார்த்து எழுதியது.

அந்நாளில் அவர் எழுதியவற்றில் ஒரு கருத்து தொழிலாளத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. இன வெறுப்பு வானத்திலிருந்து குதித்ததன்று, வயிற்றுப்பாட்டோடு பிணைந்தது. கறுப்புத் தொழிலாளியும் வெள்ளைத் தொழிலாளியும் ஒன்று சேர்ந்துவிட்டால் தன் கொள்ளை குறையுமே என்று அஞ்சுகிற முதலாளிக்கு, இருவருக்கிடையே எரிகிற பகை குளிர்காயும் நெருப்பு. இந்தக் கண்ணோட்டத்தை 1936இல் வெளியிட்ட சிறு நூலிலும் எடுத்துரைத்தார். சுவீடன் நாட்டுப் பொருளாதார அறிஞர் குன்னார் மிர்தால் அமெரிக்காவின் நிறவெறியை ஆராய வந்தபோது, தென்மாநிலங்களிலே அவருடன் சுற்றி, குறிப்புகள் திரட்டிக் கொடுத்தவரும் பன்ச்தான். அந்த ஆய்வு 1944இல் பெரு நூலாக வந்து அமெரிக்காவின் மனச்சான்றை உலுக்கிற்று.

இரண்டாம் உலகப் போர் முடியும் வேளை. 1945இல் சான் பிரான்சிஸ்கோ நகரிலே ஐ.நா. மன்றத்தின் சாசனம் உருவாயிற்று. தன்னாட்சி பெறாத நாடுகளின் மக்களைப் பற்றியும், பொறுப்பாட்சி நாடுகளைப் பற்றியும் அந்தச் சாசனத்திலே காணப்படும் பகுதிகளை உருவாக்கியதில் பன்ச்சுக்குப் பெரும் பங்கு உண்டு. அடிமை வம்சத்தின் வழிவந்தவர், அடிமை நாடுகளின் விடுதலைக்கு வழி வகுக்கும் வாசகங்களைச் செதுக்கினார்! 1946இல் ஐ.நா. செயலகத்திலேயே பணியேற்றார்.

இனி வருவது பாலஸ்தீனம்.

பிரிட்டன் ஆண்டு வந்த சிறு நாடு. ஐரோப்பாவிலே இட்லர் நடத்திய இனப்படுகொலையிலிருந்து தப்பிய யூதர்கள், இனி எங்களுக்கென்று ஒரு நாடு வேண்டும் என்றனர். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த அரபு மக்கள், ஐரோப்பா செய்த பாவத்துக்கு எங்கள் மண்ணா பரிகாரம் என்று குமுறினர். இரண்டு பக்கமும் கண்ணீர். இரண்டு பக்கமும் நியாயம் பேசும் நாக்கு. 1947இல் ஐ.நா. அமைத்த 11 நாடுகளின் குழு அங்கே சென்றது. உடன் சென்ற பன்ச், குழுவினர் இரு கூறாகப் பிரிந்தபோது, நாட்டைப் பிரிக்கலாம் என்ற பெரும்பான்மை அறிக்கையையும், கூட்டாட்சியாக வைத்திருக்கலாம் என்ற சிறுபான்மை அறிக்கையையும் தாமே எழுதிக் கொடுத்தார். இரு தரப்பின் வாதத்தையும் அவரவர் மனம் நிறையும்படி எழுதத் தெரிந்த மனிதர்! நடுநிலை என்பது ஊமையாய் இருப்பதன்று. இரு பக்கத்தின் வலியையும் எழுத்துப் பிசகாமல் அறிந்திருப்பது.

1947 நவம்பர் 29 அன்று பிரிவினைத் தீர்மானம் நிறைவேறிற்று. ஆதரவு 33 நாடுகள், எதிர்ப்பு 13. இந்தியா எதிர்த்தே வாக்களித்தது. தாளிலே பிரித்தார்கள், தரையிலே இரத்தம் ஓடிற்று. 1948 மே 14 அன்று இஸ்ரேல் அரசு பிரகடனம் செய்யப்பட்டது. மறுநாள் எகிப்து, டிரான்ஸ்ஜோர்டான், சிரியா, லெபனான், ஈராக் படைகள் நுழைந்தன. போர்! ஊர்கள் வெறிச்சோடின. விரட்டப்பட்டும், வெருண்டோடியும், வீடு வாசலை விட்டு வெளியேறிய பாலஸ்தீன அரபு மக்கள் சுமார் 7 இலட்சம் பேர்.

சமரசத் தூதராக ஐ.நா. அனுப்பியவர் சுவீடன் அரச குடும்பத்தைச் சேர்ந்த கோமகன் போல்கே பெர்னடோட். இட்லரின் வதைமுகாம்களிலிருந்து ஆயிரக்கணக்கானோரை மீட்டுக் கொணர்ந்த நல்லவர் அவர். அவருக்கு வலக்கரம் பன்ச். ஜூன் 11 அன்று நான்கு வாரப் போர்நிறுத்தம் தொடங்கிற்று. ஜூலையிலே அது முறிந்தது. ஜூலை 18 அன்று மீண்டும் போர்நிறுத்தம். அகதிகள் தம் வீட்டுக்குத் திரும்பும் உரிமையை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று பெர்னடோட் அறிக்கை எழுதினார். 1948 செப்டம்பர் 17 அன்று ஜெருசலேம் நகரிலே அவருடைய கார் வழிமறிக்கப்பட்டது. யூதத் தீவிரவாதக் கும்பல் ஒன்றின் துப்பாக்கிகள் சீறின. சமாதானம் பேச வந்தவர் சடலமானார். அவர் அருகில் அமர்ந்திருந்த பிரஞ்சுப் படை அதிகாரி ஒருவரும் மாண்டார். அந்த இருக்கை யாருக்கு உரியது தெரியுமா? பன்ச்சுக்கு! வழியிலே ஏற்பட்ட தாமதத்தால் அவர் வந்து சேரவில்லை, வேறொருவர் அமர்ந்தார், உயிர் தப்பினார்.

தலைவர் விழுந்தார். தமக்கென வைத்திருந்த குண்டு தம்மைத் தேடி வரலாம். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்பியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பன்ச் திரும்பவில்லை. இடைக்காலத் தூதர் என்ற பொறுப்பைத் தோளில் ஏற்றார். கொலையாளிகள் எவரும் தண்டிக்கப்படவில்லை. ஆத்திரத்தை அடக்கிக்கொண்டு, கொன்ற கும்பல் எந்தச் சமுதாயத்திலிருந்து முளைத்ததோ அந்தச் சமுதாயத்தின் தலைவர்களுடனும் அவர் பேசியாக வேண்டும். சினத்தைத் தின்று செரித்தவனுக்குத்தான் சமாதானம் பேசும் வயிறு உண்டு.

1948 நவம்பர் 16 அன்று, நிலையான போர் ஓய்வு உடன்பாட்டுக்குப் பேச வாருங்கள் என்று பாதுகாப்புச் சபை அழைத்தது. முதலில் இசைந்தது எகிப்து. இடம், மத்தியதரைக் கடலிலே ரோட்ஸ் தீவு. ரோஜா மலர்களின் பெயர் தாங்கிய விடுதி ஒன்று. 1949 சனவரி 13 அன்று பேச்சுத் தொடங்கிற்று.

தொடங்கிற்று என்று சொல்லிவிட்டேன். எதிலே தொடங்குவது? ஒரே விடுதி, இரு தரப்பினருக்கும் தனித்தனி இடம். எதிர்ப்பட்டால் முகம் திருப்பல். ஒரே அறையில் உட்காருவதே தகராறு! ஏனெனில், உட்கார்ந்தால் அந்த நாட்டை அங்கீகரித்ததாக ஆகிவிடுமாம். தொழிற்சங்கத்திலே பணியாற்றும் தோழருக்கு இது புதிதா? ஆலை முதலாளி முதலில் சொல்வது என்ன? கூலி உயர்வு முடியாது என்பதா? அதற்கும் முன்னே ஒன்று சொல்வார்: உங்கள் சங்கத்தோடு பேச மாட்டேன் என்பார்! பேச உட்காருவதுதான் பாதி வழக்கு. அந்தப் பாதி வழக்கை வெல்வதற்கு பன்ச் என்ன செய்தார்?

முதலிலே ஒவ்வொரு தரப்பாரோடும் தனியே பேசினார். ஒருவர் சொன்னதிலே முள்ளை நீக்கிச் சொல்லின் சாரத்தை மற்றவரிடம் கொண்டு போனார். பிறகு தம்முடைய அறைக்கு இரு தரப்பாரையும் வரவழைத்தார். அவரவர் அறைக்கு அவரவர் போகவில்லை, இருவரும் ஐ.நா. தூதரின் அறைக்கு வந்தார்கள். யாருக்கும் தாழ்வில்லை! பெரிய சிக்கல்களை ஒதுக்கி வைத்து, என்னென்ன பேசப் போகிறோம் என்ற பட்டியலையும், பேசும் காலத்திலே தாக்கிக்கொள்ள மாட்டோம் என்ற உறுதியையும் முதலில் ஒப்புக்கொள்ளச் செய்தார். சின்னஞ் சிறு உடன்பாடு. ஆனால், முடியாது முடியாது என்றே பழகிய நாக்கு, சரி என்று சொல்லிப் பழகிற்று. பழக்கம் வழக்கமாயிற்று.

முட்டி நின்ற இடம் பலூஜா. அந்த ஊரிலே எகிப்தியப் படையினர் சுமார் 4000 பேர் இஸ்ரேலியப் படையால் சூழப்பட்டுச் சிக்கியிருந்தனர். பிற்காலத்தில் எகிப்தின் தலைவராகிய நாசர், அந்த முற்றுகையிலே இருந்த இளம் அதிகாரிகளில் ஒருவர். அவர்களை மானத்தோடு வெளியே கொணராமல் எகிப்து கையெழுத்திடாது. பிடியை விட்டால் பேரம் போய்விடும் என்று இஸ்ரேல் விடாது. இரவு நெடுநேரம் வரை பேச்சு. விடிந்தால் மீண்டும் பேச்சு. ஒரு நாளைக்கு 18 மணி நேரம், 20 மணி நேரம் என்று உழைத்தார் பன்ச். வரைவுகளைத் தாமே எழுதினார்; அடித்தார்; மீண்டும் எழுதினார். களைப்புத் தீர பில்லியர்ட்ஸ் ஆட்டம் ஆடினார். எதிரெதிர் அணியினரும் அந்த ஆட்ட மேசையைச் சுற்றிக் கூடினர். பந்தை நோக்கிச் சிரித்தவர்கள் பையப்பைய ஒருவரையொருவர் நோக்கிச் சிரிக்கலாயினர்.

பேச்சு முறிந்துவிடும் போல் இருந்த ஒரு வேளையிலே, இரு தரப்பாரையும் தம் அறைக்கு அழைத்து ஒரு பெட்டியைத் திறந்து காட்டினாராம். உள்ளே, ரோட்ஸ் தீவிலே வனைந்து வண்ணம் தீட்டிய அழகிய பீங்கான் தட்டுகள். ஒவ்வொன்றிலும் அந்தப் பேச்சுவார்த்தையின் நினைவாக எழுத்துப் பொறிப்பு. அழகாயிருக்கிறதே என்று வியந்தார்களாம் வந்தவர்கள். உடன்பாடு கண்டால் ஆளுக்கொன்று வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம், காணாவிட்டால் இந்தத் தட்டுகளை உங்கள் தலையிலேயே போட்டு உடைப்பேன் என்றாராம் பன்ச்! சிரிப்பொலியிலே இறுக்கம் கரைந்தது. தட்டுகளுக்கும் சேதமில்லை, தலைகளுக்கும் சேதமில்லை.

1949 பிப்ரவரி 24. எகிப்தும் இஸ்ரேலும் கையெழுத்திட்டன. பலூஜா வீரர்கள் கொடியோடு வீடு திரும்ப வழி பிறந்தது. இரு படைகளும் கண் வைத்திருந்த அவுஜா என்னும் எல்லை ஊர், படையில்லாப் பகுதியாயிற்று. போர் ஓய்வுக் கோடு நாட்டின் எல்லைக் கோடு ஆகாது என்று உடன்பாட்டிலேயே எழுதப்பட்டது. எத்தனை நுட்பம் பாருங்கள்! கோரிக்கையை விட்டுக்கொடுத்தான் என்ற பழி எவர் மேலும் வராது. துப்பாக்கி மட்டும் ஓயும். ஒப்பந்தம் மீறப்பட்டால் விசாரிக்க ஏழு பேர் கொண்ட குழு: இரு தரப்பிலிருந்தும் மும்மூவர், தலைமைக்கு ஐ.நா. அதிகாரி. சம எண்ணிக்கை, சம இருக்கை, சம மதிப்பு!

அடுத்து, மார்ச் 23 அன்று லெபனான். ஏப்ரல் 3 அன்று ஜோர்டான். ஜூலை 20 அன்று சிரியா. ஒரே ஆண்டில் நான்கு உடன்பாடுகள். ஜோர்டான் விவகாரத்திலே திரைமறைவில், ரோட்ஸ் தீவுக்கு வெளியே, மன்னர் அப்துல்லாவோடு நடந்த பேரம் வலியோன் கை ஓங்கிய பேரமாக இருந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

மறைக்கக் கூடாத இன்னொன்றும் உண்டு. ரோட்ஸ் தீவிலே படைகள் பேசின, அரசுகள் பேசின. வீடிழந்த அந்த 7 இலட்சம் பேருக்கு அந்த மேசையிலே நாற்காலி இல்லை. அகதிகள் திரும்பலாம் என்று 1948 டிசம்பர் 11 அன்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் போட்டது. தீர்மானம் தாளிலேயே தங்கிற்று. அவர்களுடைய கூடாரங்கள் குடிசைகளாயின. குடிசைகளிலேயே பேரன் பேத்திகள் பிறந்தனர். போர் ஓய்வு வேறு, சமாதானம் வேறு என்பது பன்ச்சுக்குத் தெரியும். உடன்பாடு என்பது சமாதானத்தின் வாயிற்படி என்று கருதினார். உலகமோ வாயிற்படியிலேயே படுத்து உறங்கிவிட்டது! பாதிக்கப்பட்டவனுக்கு நாற்காலி தராத பேச்சு, பாதிப் பேச்சு. மீதிப் பாதியைத் துப்பாக்கி பேசத் தொடங்கும். 1956இலும் 1967இலும், அதன் பின்னும் அது பேசிற்று.

பன்ச் நாடு திரும்பியபோது நியூயார்க்கில் மாபெரும் வரவேற்பு. வெளிநாட்டு இலாகாவிலே துணை அமைச்சருக்கு ஒப்பான பெரும் பதவியை ஏற்குமாறு குடியரசுத் தலைவர் ட்ரூமன் அழைத்தார். மறுத்துவிட்டார் பன்ச்! ஏன்? அந்தப் பதவியிலே அமர்ந்தால் வாஷிங்டனில் குடியிருக்க வேண்டும். உலகப் பெருந்தலைவர்கள் வந்து போகும் அந்தத் தலைநகரிலே, கறுப்பனுக்குத் தனிப் பள்ளி, நுழையக் கூடாத விடுதி, அமரக் கூடாத அரங்கு. என் பிள்ளைகளை அந்த இழிவுக்கு ஆளாக்க மாட்டேன் என்று சொல்லிப் பதவியைத் துறந்தார். பதவிக்காக மானத்தை அடகு வைத்தோர் பட்டியல் நீண்டது. மானத்துக்காகப் பதவியைத் துறந்தோர் பட்டியல் சிறியது. அந்தச் சிறிய பட்டியலிலே அவர் பெயர் இருக்கிறது.

1950இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. நோபல் பரிசு பெற்ற முதல் கறுப்பர் அவரே. ஐ.நா. ஊழியன் பரிசுக்காக வேலை செய்வதில்லை என்று மறுக்கவே முற்பட்டார். பொதுச் செயலாளர் ட்ரிக்வே லீ, ஐ.நா.வுக்கு இது பெருமை என்று வற்புறுத்திய பிறகே ஏற்றார்.

இப்படிப்பட்டவரை அமெரிக்கா எப்படி நடத்திற்று? 1950களிலே கம்யூனிஸ்ட் பூச்சாண்டி காட்டி எல்லோரையும் குற்றக் கூண்டில் ஏற்றிய காலம். 1930களில் தொழிலாளர் ஒற்றுமை பேசியவராயிற்றே, விடுவார்களா? அவருடைய நாட்டுப்பற்றையே விசாரித்தார்கள்! 1954இல் குற்றமற்றவர் என்று தீர்ப்புக் கிடைத்தது. 1959இல் நியூயார்க்கின் புகழ்மிக்க டென்னிஸ் சங்கம் ஒன்றிலே அவருடைய மகன் சேர முடியாது என்றார்கள். கறுப்பருக்கும் யூதருக்கும் இடமில்லையாம்! நாடே கொதித்தது. சங்கத் தலைவர் பதவி விலகினார். மன்னிப்புக் கேட்டு, உறுப்பினராக வாருங்கள் என்று அழைத்தார்கள். பன்ச் ஏற்கவில்லை. பெயர் பெற்ற பன்ச்சுக்குக் கதவு திறக்கும், பெயர் இல்லாத கறுப்பனுக்குத் திறக்காது என்றால், அந்தக் கதவு எனக்கு வேண்டாம் என்பதே அவர் நிலை. தன் ஒருவனுக்குக் கிடைக்கும் சலுகை வேறு, தன் இனத்துக்குக் கிடைக்கும் உரிமை வேறு என்று தெளிந்த நெஞ்சம்!

1956இலே சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின் மேல் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் பாய்ந்தன. பொதுச் செயலாளர் ஹாமர்ஷெல்ட் தலைமையிலே ஐ.நா.வின் முதல் அமைதிப் படையை நாட்கணக்கிலே உருவாக்கியவர் பன்ச். பத்து நாடுகளின் வீரர்கள், சுமார் 6000 பேர். இந்திய வீரர்களும் அதிலே இருந்தனர். நீல நிறத் தலைக்கவசம் அந்நாளில் பிறந்த அடையாளம். படை என்றால் கொல்வதற்கு என்றிருந்த பொருளை மாற்றி, இடையே நின்று காப்பதற்கும் படை உண்டு என்று காட்டினார். பத்தாண்டுகளுக்கு மேல் அந்த எல்லை பெரும் போர் காணாமல் இருந்தது. 1967 மே மாதம் எகிப்து கேட்டபடி அந்தப் படை விலக்கப்பட்டது. ஜூன் 5 அன்று போர் வெடித்தது. காஸாவில் இருந்த இந்திய வீரர்களிலும் சிலர் உயிர் நீத்தனர். தாம் கட்டிய வீடு தம் கண் முன்னே இடிவதைக் காணும் துயரம் பன்ச்சுக்கு நேர்ந்தது. 1960இல் காங்கோ, 1964இல் சைப்ரஸ், 1965இல் இந்தியா பாகிஸ்தான் போர்நிறுத்தக் கண்காணிப்பு என்று எரியும் இடமெல்லாம் அவர் உழைப்பும் சென்றது.

வெளிநாட்டுச் சண்டைகளைத் தீர்க்கப் போனவர், வீட்டுச் சண்டையை மறந்தாரா? வெள்ளையர் மாளிகையிலே வாழும் கறுப்பர் என்று இளைஞர் சிலர் ஏளனம் செய்ததுண்டு. அந்தச் சொல் அவரைச் சுட்டது. 1963இல் வாஷிங்டன் பேரணியிலே கலந்துகொண்டார். 1965இல் அலபாமா மாநிலத்திலே, வாக்குரிமை கேட்டு செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு மார்ட்டின் லூதர் கிங் நடத்திய நடைப்பயணத்தின் முன்வரிசையிலே, கண் பார்வை மங்கி, நீரிழிவால் நலிந்து, அறுபதைக் கடந்த பன்ச் நடந்தார். நோபல் பரிசு பெற்ற கை, தன் மக்களின் கையோடு கோத்துக்கொண்டது.

இந்த வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன, தோழர்களே? பேச்சுவார்த்தை என்றதும் கோழைத்தனம் என்று குதிக்கிறவர் உண்டு. உரிமைப் போர் என்றதும் கலகம் என்று கலங்குகிறவரும் உண்டு. இரண்டையும் ஒரே நெஞ்சிலே வைத்திருந்தார் பன்ச். மானம் உள்ளவன்தான் மாற்றானின் மானத்தையும் மதித்து நாற்காலி போடுவான். இழிவு பட்டறிந்தவனுக்குத்தான், எதிரே இருப்பவனை இழிவுபடுத்தினால் உடன்பாடு நிலைக்காது என்பது புரியும். ஊர்ச் சண்டையானாலும் உலகச் சண்டையானாலும் இதற்கு விலக்கு இல்லை. எதிரியைப் பேச அழைக்கும் முன் அவனுக்குச் சமமான நாற்காலி போட்டிருக்கிறோமா? வீடிழந்து வெளியே நிற்பவனுக்கும் ஒரு நாற்காலி இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளையும் கேட்காத சமாதானம், மணல் வீடு.

1971 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில் ரால்ப் பன்ச் கண் மூடினார். அன்றைய தினம் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே மீண்டும் பீரங்கிகள் முழங்கிக்கொண்டிருந்தன. வேலை முடியாமலே தொழிலாளி விடைபெற்றார். கருவிகளை மட்டும் துடைத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: பொறுமை, சமமான நாற்காலி, தலை குனியாத நெஞ்சு. எடுத்துப் பயன்படுத்துவோர் எடுத்துக்கொள்ளலாம்!